மதிலின் கதை வழியே ஜெர்மன்: இடைநிலை மாணவருக்கு ஒரு வழிகாட்டி

தொடக்கநிலையின் இறுதிப் படியான ஏ2 வரை ஜெர்மன் மொழி நம்மோடு இணக்கமாகவே இருக்கும். ரொட்டி வாங்கலாம், ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்கலாம், வீட்டில் உள்ளவர்களை அறிமுகப்படுத்தலாம். இடைநிலையின் முதல் படியான பி1 வகுப்பின் முதல் மாதத்திலேயே நிலைமை மாறிவிடுகிறது. கடந்தகாலத்துக்கு இரண்டு வடிவங்கள், அதற்கும் முந்திய கடந்தகாலம் ஒன்று, செயப்பாட்டு வினை, கெனிட்டிவ் வேற்றுமை, 'அப்படி நடந்திருந்தால்' என்னும் கற்பனை வாக்கியம் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நிற்கின்றன. பாடப்புத்தகமோ 'வீடு கட்டப்பட்டது', 'கடிதம் எழுதப்பட்டது' என்று தனித்தனி வாக்கியங்களாகத் தருகிறது. யாருடைய வீடு, எதற்கான கடிதம் என்று தெரியாத வாக்கியம் மனத்தில் தங்குவதில்லை.

அந்த இலக்கணப் பட்டியலை உற்றுப் பாருங்கள். அத்தனையும் நடந்ததைச் சொல்வதற்கான கருவிகள். எது முதலில், எது பிறகு, யாருக்கு என்ன செய்யப்பட்டது, வேறுவிதமாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பேசும்போதுதான் இவை தேவைப்படுகின்றன. ஆகவே பி1 இலக்கணத்தை வரலாற்றோடு சேர்த்துப் படிப்பதைச் சுற்றுவழி என்று நினைக்க வேண்டாம். என் அனுபவத்தில் அதுவே குறுக்குவழி. அதை எப்படிச் செய்வது என்று கீழே படிப்படியாக எழுதுகிறேன்.

ஒரு சிறு குறிப்பு: ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அவை உச்சரிப்புக்கு அருகில் வருமே தவிர முழுமையாக வராது. ஒவ்வொன்றையும் அகராதியின் ஒலிப்பதிவில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஒரே ஒரு கதையைத் தேர்ந்தெடுங்கள்

ஜெர்மன் வரலாறு முழுவதையும் படிக்க முயல வேண்டாம். லூதரின் காலத்துக்கு ஒரு சொற்களஞ்சியம், பிஸ்மார்க்கின் காலத்துக்கு வேறொன்று. நூற்றாண்டு மாறும்போதெல்லாம் அகராதியைப் புதிதாகப் புரட்ட வேண்டியிருக்கும். தமிழ் வாசகருக்கு இன்னொரு ஆசையும் எழும்: 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஸீகன்பால்க், 1856இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்ட கார்ல் கிராவுல் ஆகியோரின் எழுத்துகளிலிருந்து தொடங்கலாமே என்று. அவர்களுடைய ஜெர்மன் பழைய ஜெர்மன். பி2 முடியும்வரை அதை ஒத்திவையுங்கள்.

குறுகிய ஒரு காலத்தை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் அதிலேயே இருங்கள். நான் பரிந்துரைப்பது பெர்லின் மதில், பிளவுண்ட ஜெர்மனியில் கிழக்கு அரசு மேற்கு பெர்லினைச் சுற்றி எழுப்பியது. 1961 ஆகஸ்ட் 13 அன்று எழத் தொடங்கி 1989 நவம்பர் 9 அன்று திறந்த 28 ஆண்டுக் கதை. தொடக்கமும் முடிவும் தெளிவாக இருக்கின்றன. பேசப்படும் மொழி இன்றைய ஜெர்மன். படங்களும் ஒலிப்பதிவுகளும் நிறையக் கிடைக்கின்றன. அதே சில நூறு சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் மூன்றாவது வாரத்தில் அகராதியின் தேவை பாதியாகக் குறைவதை நீங்களே உணர்வீர்கள்.

ஜெர்மனில் தொடங்குவதற்கு முன்னால் கதையைத் தமிழிலோ உங்களுக்கு நன்கு தெரிந்த வேறு மொழியிலோ ஒருமுறை படித்துவிடுங்கள். இதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் தெரியாத சொல்லின் பொருளை ஊகிக்க முடியும்.

இரண்டாம் படி: தலைப்புச் சொல்லிலேயே நில்லுங்கள்

தமிழில் 'பெர்லின் சுவர்' என்று எழுதிவருகிறோம். ஜெர்மனில் அது 'மௌவர்'. அறையின் சுவருக்கு 'வாண்ட்' என்று வேறு சொல் இருக்கிறது. படம் மாட்டுவது வாண்டில். கோட்டையைச் சுற்றி நிற்பது மௌவர். நமக்கு இது புதிதல்ல. கோயிலைச் சுற்றி நிற்பதை மதில் என்கிறோமே, அதுதான் மௌவர். பெர்லினில் நின்றதும் மேற்குப் பகுதியைச் சுற்றி வளைத்த, ஏறத்தாழ 155 கிலோமீட்டர் நீள மதில்தான். கிழக்கு ஜெர்மன் அரசு அதற்கு வைத்த அதிகாரபூர்வப் பெயர் 'பாசிச எதிர்ப்புப் பாதுகாப்பு அரண்' என்று பொருள்படும் நீண்ட கூட்டுச்சொல். மேற்கில் இருந்தவர்கள் மௌவர் என்றார்கள். ஒரே கட்டுமானத்துக்கு இரண்டு பெயர்கள் இருந்ததே நாற்பது ஆண்டுப் பிளவைப் பற்றிய ஒரு பாடம்.

அன்றாடச் சொற்களும் அப்படிப் பிரிந்தன. பொரித்த கோழிக்குக் கிழக்கில் 'ப்ரொய்லர்', மேற்கில் 'ப்ராட்ஹேன்ஷன்'. பல்பொருள் அங்காடிக்குக் கிழக்கில் 'கௌஃப்ஹாலெ', மேற்கில் 'ஸூப்பர்மார்க்ட்'. விண்வெளி வீரர் கிழக்கில் காஸ்மோநௌட், மேற்கில் அஸ்ட்ரோநௌட். இத்தகைய ஜோடிகளைக் குறிப்பேட்டில் எதிரெதிரே எழுதிவையுங்கள். தனியாக மனப்பாடம் செய்யும் சொல்லைவிட, எதிர்ச்சொல்லோடும் கதையோடும் சேர்ந்த சொல் எளிதில் மறப்பதில்லை.

கூட்டுச்சொற்களைப் பிரிக்கவும் இங்கேயே பழகலாம். 1948 ஜூனில் மேற்கு பெர்லினுக்குச் செல்லும் தரைவழிகளை சோவியத் தரப்பு அடைத்தபோது, மேற்கு நாடுகள் ஏறக்குறைய ஓராண்டு காலம் உணவையும் நிலக்கரியையும் விமானத்தில் கொண்டுவந்து இறக்கின. அதன் பெயர் 'லுஃப்ட்ப்ரூக்கெ': லுஃப்ட் என்றால் காற்று, ப்ரூக்கெ என்றால் பாலம். அந்த விமானங்களை மக்கள் 'ரோஸீனன்போம்பர்' என்றழைத்தார்கள். ரோஸீனெ என்றால் உலர்திராட்சை. முன்பு குண்டு வீசியவர்களின் விமானங்கள் இப்போது தின்பண்டம் கொண்டுவருகின்றன என்ற நெகிழ்ச்சி அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கிறது.

மூன்றாம் படி: ஒரு தெருவில் முன்னிடைச் சொற்களைப் பழகுங்கள்

இந்தப் பகுதியில் சற்று நேரம் செலவிடுங்கள். நம் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

பெர்லினில் பெர்னவர் ஷ்ட்ராஸெ என்றொரு தெரு உண்டு. எல்லைக்கோடு வீடுகளின் முகப்பை ஒட்டிச் சென்றது. வீடு கிழக்கில், வாசலுக்கு வெளியே உள்ள நடைபாதை மேற்கில். 1961 ஆகஸ்டில் மக்கள் ஜன்னல் வழியாக மேற்குக்குக் குதித்தார்கள். கீழே மேற்கு பெர்லின் தீயணைப்புப் படையினர் விரிப்புகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஜன்னல்கள் செங்கல் வைத்து அடைக்கப்பட்டன. 1964 அக்டோபரில் அதே பகுதியில் தோண்டப்பட்ட சுரங்கம் வழியாக 57 பேர் தப்பினார்கள்.

ஜன்னலிலிருந்து, தெருவுக்குள், மதிலுக்கு மேலே, சுரங்கம் வழியாக, மேற்கில், மேற்குக்கு என்று இந்தக் கதையைச் சொல்லவே முன்னிடைச் சொற்கள் வேண்டும். ஜெர்மனில் 'இம் வெஸ்டன்' என்றால் மேற்கில் இருப்பது, அது டாட்டிவ் வேற்றுமை. 'இன் டேன் வெஸ்டன்' என்றால் மேற்குக்குள் செல்வது, அது அக்குஸாட்டிவ் வேற்றுமை. டாட்டிவ் என்பது நம் 'கு' உருபுக்கு நிகரானது என்று தொடக்க வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 'அவருக்குக் கொடுத்தேன்' போன்ற வாக்கியங்களுக்கு அது பொருந்தும். அந்தப் பழக்கத்தில் 'மேற்குக்கு' என்பதையும் டாட்டிவில் எழுதிவிடுகிறோம். 'தப்பி ஓடினால் அக்குஸாட்டிவ், போய்ச் சேர்ந்து வாழ்ந்தால் டாட்டிவ்' என்று அந்தத் தெருவை மனத்தில் வைத்து ஒருமுறை நிலைநிறுத்திக்கொண்டால், பிறகு சமையலறை, பள்ளிக்கூடம், பூங்கா எதுவானாலும் தடுமாற்றம் இராது.

தெருவின் பழைய படம் ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு பத்து வாக்கியம் எழுதுங்கள். ஐந்தில் அசைவு இருக்கட்டும், ஐந்தில் இருப்பு.

நான்காம் படி: ஒரே நிகழ்வை மூன்று உரைகளில் படியுங்கள்

ஒரு நிகழ்வுக்கு மூன்று நிலைகளில் வாசிப்பு வேண்டும். முதலில் எளிய மொழி. டோய்ச்லாண்ட்ஃபுங்க் வானொலி நடத்தும் 'நாக்ரிஷ்டன்லைஷ்ட்' வாரச் செய்திகளை எளிய ஜெர்மனில், சொல் விளக்கத்தோடு இலவசமாகத் தருகிறது. வரலாற்று நாள்கள் வரும்போது அவற்றைப் பற்றியும் எழுதுவார்கள். அடுத்தது கற்போருக்கான உரை. டோய்ச்ச வெல்ல நிறுவனத்தின் 'டோப்-டேமா' பி1 நிலைக்காகவே எழுதப்படுவது, ஒலிப்பதிவும் உண்டு. மூன்றாவதாக, ஜெர்மானியர் தங்களுக்காக எழுதிக்கொண்டது. ஜெர்மன் வரலாற்று அருங்காட்சியகத்தின் இணையப் பகுதியான 'லேமோ' இதற்கு மிகவும் ஏற்றது. அதன் பக்கங்கள் குறுகியவை. ஆண்டுவாரியாகவும் தேடலாம்.

மூன்றாவது உரையில் எல்லாம் புரிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு பத்தியை மட்டும் எடுத்து, வினைச்சொற்களை எல்லாம் பென்சிலால் சுழித்துப் பாருங்கள். பெரும்பாலும் எளிய இறந்தகாலமான ப்ரெடேரிட்டும் வடிவில் இருக்கும். செயப்பாட்டு வினை அடிக்கடி தலைகாட்டும். 'டீ மௌவர் வுர்டெ 1961 கெபௌட்': மதில் 1961இல் கட்டப்பட்டது. நம்முடைய 'படு' செய்யும் வேலையை இங்கே 'வுர்டெ' செய்கிறது. ஆண்டுக்கு முன்னால் 'இன்' போடக்கூடாது என்பதையும் கவனியுங்கள். வெறும் 1961, அல்லது 'இம் யார் 1961'. இந்த ஒரு பிழையைத் திருத்திக்கொண்டாலே உங்கள் எழுத்து ஒரு படி உயர்ந்துவிடும்.

இன்னும் ஒரு படி மேலே 'டீ 1961 கெபௌட்டெ மௌவர்' என்ற அமைப்பைக் காண்பீர்கள். ஐரோப்பிய மாணவர்கள் பலர் இதைக் கண்டு அஞ்சுவார்கள். நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. '1961இல் கட்டப்பட்ட மதில்' என்ற நம் பெயரெச்சத்தின் சொல்வரிசை அப்படியே இருக்கிறது. 'வைல்' (ஏனெனில்), 'ஒப்வோல்' (இருந்தாலும்) போன்ற இணைப்புச் சொற்கள் வந்தால் வினை வாக்கிய இறுதிக்குப் போவதும் தமிழருக்கு இயல்பானதே. நமக்குக் கிடைத்திருக்கும் இந்த வசதிகளை ஜெர்மன் ஆசிரியர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆகவே நானே அழுத்திச் சொல்கிறேன்.

மாறாக, நமக்குக் கடினமான இடம் 'ஆல்ஸ்', 'வென்' வேறுபாடு. தமிழில் இரண்டுமே 'போது'. மதில் ஒருமுறைதான் விழுந்தது: 'ஆல்ஸ் டீ மௌவர் ஃபீல்'. மேற்கிலிருந்து பாட்டி காப்பித்தூளோடு வந்தது பலமுறை: 'இம்மர் வென் டீ ஓமா காம்'. இந்த இரண்டு வாக்கியங்களைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

ஐந்தாம் படி: காதால் கேட்கும் வரலாறு

எழுத்தில் ப்ரெடேரிட்டும் என்றால் பேச்சில் பெர்ஃபெக்ட், அதாவது துணைவினை சேர்ந்த இறந்தகாலம். இந்த வேறுபாட்டைப் பழக, நிகழ்வை நேரில் கண்டவர்களின் நேர்காணல்களைக் கேளுங்கள். அவர்களை 'ட்ஸைட்ட்ஸொய்க' என்பார்கள், காலத்தின் சாட்சி என்று பொருள். லேமோவில் அவர்களுடைய நினைவுக் குறிப்புகள் எழுத்திலும் இருக்கின்றன. இரண்டு நிமிட ஒலியை முதலில் உரை இல்லாமல் மூன்று முறை, பிறகு உரையோடு ஒரு முறை கேளுங்கள். பின்பு அவர் பேசிய பெர்ஃபெக்ட் வாக்கியங்களைச் செய்தியாளர் எழுதுவதுபோல ப்ரெடேரிட்டுமுக்கு மாற்றி எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு சாட்சி போதும்.

தவறவிடக் கூடாத காட்சி ஒன்று உண்டு. 1989 நவம்பர் 9 மாலை, கிழக்கு ஜெர்மன் கட்சித் தலைவர்களில் ஒருவரான குந்தர் ஷபோவ்ஸ்கி செய்தியாளர் கூட்டத்தில் புதிய பயண விதியை ஒரு தாளிலிருந்து படிக்கிறார். எப்போது நடைமுறைக்கு வரும் என்று கேட்கிறார்கள். அவர் தாளைப் புரட்டியபடி 'தாஸ் ட்ரிட்' என்று தொடங்குகிறார். 'ட்ரிட்' என்று தொடங்கினால் வாக்கிய இறுதியில் 'இன் க்ராஃப்ட்' வந்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் 'நடைமுறைக்கு வருகிறது'. அந்த இறுதிப் பகுதி வரவே இல்லை. வாக்கியம் நடுவில் முறிந்து, 'இஸ்ட் தாஸ் ஸோஃபோர்ட், உன்ஃபெர்ட்ஸூக்லிஷ்', அதாவது உடனே, தாமதமின்றி என்று முடிகிறது. அதைக் கேட்ட கிழக்கு பெர்லின் மக்கள் எல்லைக்குத் திரண்டார்கள். இரவு பதினொன்றரை மணியளவில் போர்ன்ஹோல்மர் ஷ்ட்ராஸெ வாயில் திறந்தது. இரண்டாகப் பிரிந்து நிற்கும் ஜெர்மன் வினையை எத்தனையோ பயிற்சித்தாள்கள் சொல்லித்தந்தும் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. இந்த முறிந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் இறுதிச் சொல்லுக்காகக் காது காத்திருக்கப் பழகியது.

இதே காட்சியிலிருந்து கற்பனை வாக்கியங்களையும் உருவாக்கலாம். 'அவர் தாளை முன்கூட்டியே கவனமாகப் படித்திருந்தால்...', 'எல்லைக் காவலர்கள் சுட்டிருந்தால்...'. 'ஹெட்டெ', 'வேரெ' என்னும் துணைவினைகள் இரண்டையும் வைத்துக் குறைந்தது ஆறு வாக்கியம் எழுதுங்கள்.

அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் லைப்ஸிக் நகரத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் ஊர்வலம் போனார்கள். அக்டோபர் 9 அன்று ஏறத்தாழ 70,000 பேர். அவர்களின் முழக்கம் 'வீர் ஸிண்ட் தாஸ் ஃபோல்க்', நாங்களே மக்கள் என்பது. மக்களின் பெயரால் ஆண்ட அரசுக்கு மக்கள் கொடுத்த பதில் அது. மதில் திறந்தபின் முழக்கம் 'வீர் ஸிண்ட் ஐன் ஃபோல்க்' என்று மாறியது: நாங்கள் ஒரே மக்கள். 'தாஸ்' போய் 'ஐன்' வந்தது, மாற்றம் அவ்வளவே. முதல் முழக்கம் ஜனநாயகம் கேட்டது, இரண்டாவது நாட்டை இணைக்கக் கேட்டது. பெயர்ச்சொல்லுக்கு முன்வரும் இத்தகைய 'ஆர்ட்டிக்கிள்' தமிழில் இல்லாததால் அதை அலங்காரமாக நினைத்து விட்டுவிடுகிறோம். லைப்ஸிக் தெருவில் அதன் கனம் என்ன என்று பாருங்கள்.

ஆறாம் படி: கல்லில் எழுதியதை விரித்து எழுதுங்கள்

மதிலிலிருந்து பின்னோக்கி ஓர் அடி வைக்க விரும்பினால், ஜெர்மன் நகரங்களின் நடைபாதையில் பதிக்கப்பட்டிருக்கும் சிறிய பித்தளைக் கற்களைப் படியுங்கள். 'ஷ்டோல்பர்ஷ்டைன்', இடறு கல் என்று பெயர். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் தொடங்கிய பணி. 2023இல் ஒரு லட்சமாவது கல் நூரன்பெர்கில் பதிக்கப்பட்டது. நாஜிகளால் விரட்டப்பட்டவர், கொல்லப்பட்டவர் ஒவ்வொருவரும் தாமாக விரும்பி வாழ்ந்த கடைசி வீட்டின் முன்னால் ஒரு கல். பெரும்பாலும் 'ஹீர் வோன்டெ' என்று தொடங்கும், இங்கே வாழ்ந்தார் என்று. பிறகு பெயர், பிறந்த ஆண்டு, 'டெபோர்டீர்ட்', ஓர் இடம், 'எர்மோர்டெட்'.

துணைவினை இல்லை. செய்தவர் பெயர் இல்லை. நாடு கடத்தப்பட்டார், கொலை செய்யப்பட்டார் என்ற எச்சங்கள் மட்டும். பி1 மாணவர் முழுமையாகப் படித்து முடிக்கக்கூடிய, ஆனால் எளிதில் கடந்துபோக முடியாத உரை இது. அதை 'வுர்டெ' சேர்த்து முழு வாக்கியங்களாக விரித்து எழுதுங்கள். பெர்லின், ஹாம்பர்க் நகரங்களின் கற்களுக்கு இணையத்தில் வாழ்க்கைக் குறிப்புகள் இருக்கின்றன. ஒரு கல்லைத் தேர்ந்து அந்த மனிதரைப் பற்றி எட்டு வரி எழுதிப் பாருங்கள்.

நினைவுச்சின்னத்துக்கு ஜெர்மனில் 'டெங்க்மால்' என்றும் 'மான்மால்' என்றும் சொற்கள் உண்டு. முதலாவது நினைக்கச் செய்வது, இரண்டாவது இடித்துரைப்பது. கட்டத் தவறிய பணத்துக்கு வரும் நினைவூட்டுக் கடிதத்தின் பெயரும் 'மானுங்' என்பதை அறிந்தால் அந்தச் சொல்லின் தொனி புரியும்.

இந்தக் காலத்தைத் தொடும்போது ஓர் எச்சரிக்கை. அப்பாவித்தனமாகத் தெரியும் சில தொடர்களைப் பேச்சில் பயன்படுத்தாதீர்கள். 'யேடெம் தாஸ் ஸைனெ', அவரவர்க்கு உரியது அவரவர்க்கு என்பது, பூகன்வால்ட் வதைமுகாமின் வாயிலில் எழுதப்பட்டிருந்த வாசகம். அகராதி இதைச் சொல்லாமல் போகலாம். வரலாறு படித்தவர் தவிர்த்துவிடுவார்.

ஏழாம் படி: உங்கள் வீட்டுச் சாட்சியைத் தேடுங்கள்

மதில் கதையில் தமிழருக்கும் ஓர் இடம் இருக்கிறது. 1980களின் நடுப்பகுதியில் ஈழத்தமிழர் பலர் கிழக்கு பெர்லினின் ஷேனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ஷ்ட்ராஸெ ரயில் நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்குள் வந்து தஞ்சம் கோரினார்கள். கிழக்கு ஜெர்மானியருக்கு அடைத்துக்கிடந்த எல்லை, வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்திருந்தது. நகரம் முழுவதும் நான்கு வல்லரசுகளின் கூட்டுப் பொறுப்பில் இருப்பதாகக் கருதிய மேற்குத் தரப்பு அதைத் தன் பக்கத்தில் எல்லையாக ஏற்கவில்லை. உங்கள் உறவில் அவ்வழியே வந்த மாமாவோ சித்தியோ இருந்தால், அவர்கள் விரும்பினால் மட்டும், தமிழில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பிறகு அதை ஜெர்மனில் எழுதுங்கள். முதலில் அவர் பேசுவதாகப் பெர்ஃபெக்டில், அடுத்து வரலாறாக ப்ரெடேரிட்டுமில்.

அப்படி யாரும் இல்லாதவர்கள் 'காஸ்ட்ஆர்பைட்டர்' கதையை எடுத்துக்கொள்ளலாம். காஸ்ட் என்றால் விருந்தாளி. 1955இல் இத்தாலியோடும் 1961இல் துருக்கியோடும் ஒப்பந்தம் செய்து மேற்கு ஜெர்மனி தொழிலாளர்களை அழைத்தது. 1964இல் பத்து லட்சமாவது ஆளாக வந்த போர்ச்சுக்கல் தொழிலாளி அர்மான்டோ ரோட்ரிகஸுக்குக் கொலோன் ரயில் நிலையத்தில் ஒரு மொபெட்டைப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்தப் புகைப்படம் புகழ்பெற்றது. படத்தை விவரித்துப் பேசும் பயிற்சிக்கு அதைவிட நல்ல படத்தை நான் கண்டதில்லை. அவர் முகத்தில் மகிழ்ச்சியா திகைப்பா என்று நண்பரோடு ஜெர்மனில் வாதிட்டுப் பாருங்கள்.

தேர்வுக்கு இது போதுமா?

போதாது. கோத்தே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். அங்கே கேட்பது அன்றாட வாழ்க்கை: மின்னஞ்சல், விளம்பரம், சேர்ந்து ஒன்றைத் திட்டமிடுதல். எனவே வாரத்தில் நான்கு நாள் வரலாறு என்றால் இரண்டு நாள் மாதிரித் தேர்வுத்தாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பேச்சுத் தேர்வில் ஒரு தலைப்பை அறிமுகப்படுத்திப் பேச வேண்டும். மதில் கதையில் பழகிய காரணம், விளைவு, முரண் ஆகியவற்றுக்கான இணைப்புச் சொற்கள் அங்கே அப்படியே உதவும்.

ஜெர்மனியில் குடியேறும் எண்ணம் உள்ளவர்களுக்கு இரட்டைப் பயன் தரும் ஒரு நூல் இருக்கிறது: குடியுரிமைத் தேர்வின் வினாத் தொகுப்பு. நாடு முழுவதற்கும் பொதுவாக 300 கேள்விகளும், ஒவ்வொரு மாநிலத்துக்கும் 10 கேள்விகளும் இலவசமாக வெளியிடப்பட்டிருக்கின்றன. தேர்வில் 33 வரும், 17 சரியானால் வெற்றி. குறுகிய வாக்கியங்கள், நான்கு விடைகள், ஆங்காங்கே செயப்பாட்டு வினை. நாளுக்கு ஐந்து கேள்வி படித்தால் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். முடித்த கையோடு ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் முதல் வாக்கியத்தையும் எழுதிப் பழகுங்கள்: 'டீ வூர்டெ டெஸ் மென்ஷன் இஸ்ட் உன்ஆன்டாஸ்ட்பார்', மனிதரின் மாண்பு தீண்டப்படக் கூடாதது. 1949 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம். 'டெஸ் மென்ஷன்' என்பதில் கெனிட்டிவ் வேற்றுமையும், 'என்' சேரும் ஆண்பால் பெயரும் ஒருசேரக் கிடைக்கின்றன. இடறு கற்களைப் படித்துவிட்டு இந்த வாக்கியத்துக்கு வந்தால், அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் இதை ஏன் முதல் வாக்கியமாக வைத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியிராது.